சிலிசிலி பேக்கில் செய்த காகம்

மகனுக்கு,

முந்தாநாள் நீ பஸ் ஏறும்போது சொன்ன சொல்லுக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊரில் என்னைக் காட்டித்தான் சொல்வார்கள். அந்த வாயே அடைத்துப்போயிற்று. "அப்பாவச் சாப்பிட விடாம வச்சிருக்கிறது நீங்கதாம்மா" என்றாய். சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாய். ரத்தோட்டை பஸ் ஸ்டாண்டில் வடை விற்கிறவர்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார். போனில் பேசலாம் என்றால் "சாப்பிட்டியா, அங்க மழையா" என்பதைத் தாண்டி நம் இரண்டு பேருக்கும் ஒன்றும் வராது. அதனால் எழுதுகிறேன். இதை வினோதினிக்கும் வாசித்துக் காட்டு. பலாபத்வலையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, நாளைக்கு இந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள். இந்தக் கூரையோரத்தில் ஏன் ஒரு கறுப்புக் காகம் தொங்கியது என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும். அப்பாவின் அக்கா, உன் பெரியத்தை, சொல்லி அவள் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது நல்லது. பெரியத்தை சொன்னால் காகத்துக்குக் கொம்பும் முளைத்துவிடும்.

அவளுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன். உன் அப்பா கொழுந்து லொறி ஓட்டினார். ரிவர்ஸ்டன் பக்கத்து மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை பெக்டரியில் இறக்கிவிட்டுப் பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்கு வருவார். ஒருநாளும் வெறுங்கையோடு வந்ததில்லை. உள்ளே மீன் வைத்த அந்த முக்கோண மாலு பணிஸை பேக்கரியில் வாங்கி, மெல்லிய பொலித்தீன் சிலிசிலி பேக்கில் போட்டு, அதை விரலில் மாட்டிக்கொண்டு படியிறங்குவார். நம் வீடு ரோட்டுக்குக் கீழே இருப்பதால் ஆள் தெரிவதற்கு முன்னே சத்தம் வந்துவிடும். அந்தப் பைக்கு சிலிசிலி என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல காது உள்ளவர். நான் மெஷினில் ஸ்கூல் யூனிபோர்ம் தைத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் கேட்டதும் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு அடுப்பில் கேத்தலை வைப்பேன். பதினெட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் வாழ்க்கையில் சாயந்தரம் என்றால் அந்தச் சத்தம்தான்.

நீ ஓ.எல் பரீட்சைக்குப் படிக்கிற வயதில் உனக்கு அந்தப் பித்துப் பிடித்தது. படிக்கிற பிள்ளை போனையே பார்க்கிறானே என்று நான் திட்டாத திட்டில்லை. ஒருநாள் சோற்றில் கை வைத்தபடியே, "அம்மா, விசிறி சுத்திப் பறக்கிற பிளேன் எல்லாரும் செய்றாங்க. நான் குருவி மாதிரி சிறகடிச்சுப் பறக்கிற ஒண்ணு செய்யப் போறேன்" என்றாய். "மொதல்ல சிறகடிச்சுக் கணக்குப் பாடத்தத் தாண்டு" என்றேன். உன்னைக் கெடுத்தது அப்பாதான். மறுநாளே லொறி சீட்டுக்கு அடியில் கிடந்த உடைந்த குடையைக் கொண்டுவந்து, "இந்தக் கம்பி ஆகுமாடா?" என்று கேட்டார். குடைக்கம்பி பாரம் கூடிப்போயிற்று. அப்புறம் தென்னை ஈர்க்கில் சிறகுக்குச் சட்டம், மூங்கிலைச் சீவி உடம்பு. சைக்கிள் சக்கரத்துக் கம்பியைக் கொண்டியாக வளைத்துப் பறவையின் மூக்கில் மாட்டினாய். அது சுற்றச் சுற்ற இரண்டு சிறகும் ஏறி இறங்கும். உடம்பின் நீளத்துக்கு ரப்பர் வளையங்களைக் கோத்து முறுக்கினால் அதுதான் எஞ்சின். ரப்பர் அறாமல் இருக்க ஆமணக்கெண்ணெய் தடவ வேண்டும் என்று நீ கண்டுபிடித்தாய். சின்ன வயதில் பேதிக்குக் கொடுக்கும்போது வீட்டைச் சுற்றி ஓடிய பிள்ளை, அதே போத்தலை எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினாய்.

சிறகுக்குத் துணி பாரம். சிலிசிலி பேக்கை வெட்டி ஒட்டினாய். நீ ஒட்டிய அழகைப் பார்த்து எனக்குக் கை துறுதுறுத்தது. "தள்ளுடா, தையக்காரி வீட்டுப் புள்ள இப்பிடியா ஒட்டுறது?" என்று பிடுங்கி, நாலு பக்கமும் இழுத்து, ஒரு சுருக்கமும் விழாமல் மேளத்தோல் மாதிரி ஒட்டிக் கொடுத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பறக்கவில்லை. பள்ளிக்கூட கிரவுண்டில் அப்பா கையை விட்டதும் படபடவென்று அடித்துக்கொண்டு அவர் காலடியிலேயே விழுந்தது. மறுபடி விட்டார், மறுபடியும் அதே கதை. "இது குருவி இல்லடா, அறுத்த கோழி" என்று சிரித்தார். உனக்குக் கண் கலங்கிவிட்டது. ராப்பகலாகப் போனில் படம் பார்த்து நீயே பிழையைப் பிடித்தாய். சிறகின் முன்விளிம்பு மட்டும்தான் விறைப்பாக நிற்க வேண்டும், பின்பக்கம் தளர்ந்து கிடக்க வேண்டும், அடிக்கும்போது அந்தத் தளர்வுதான் காற்றைப் பின்னால் தள்ளும் என்றாய். என் தொழிலில் சுருக்கம் விழுந்தால் சட்டை திரும்பி வரும். வேண்டுமென்றே லூஸ் விட்டு ஒட்ட என் கை மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினேன். அன்றைக்கு அது கிரவுண்டைத் தாண்டிப் போய் மிளகுக்கொடியில் மாட்டிக்கொண்டது. கல்யாணம் பண்ணப்போகிற உனக்கு இதைவிடப் பெரிய புத்தி எனக்குச் சொல்லத் தெரியாது. சொன்ன சொல்லில், வீட்டுக்குத் திரும்புகிற நேரத்தில், வினோதினியின் ஆட்களிடம் காட்டுகிற மரியாதையில் விறைப்பாக இரு. மற்றதையெல்லாம் லூஸ் விடு. நாலு பக்கமும் இழுத்துக் கட்டின குடும்பம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் இழுத்துக் கட்டுகிறவள் என்பதை உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பறவையைக் கையிலிருந்து விடுகிற வேலை எப்போதும் அப்பாவுடையது. நீ பதற்றத்தில் எறிந்துவிடுவாய். அவர் உன்னைத் தடுப்பார். "எறியாதடா. கையில வச்சுக்கிட்டு அது அடிக்கிறதப் பாரு. கொஞ்ச நேரத்துல அதுவா கைய விட்டு இழுக்கும். இழுக்கிறப்ப விரலத் தொற, அவ்வளவுதான்." அது மேலே ஏறியதும் கிரவுண்டே அதிர்கிற மாதிரி, "எடுத்துச்சுடா!" என்று கத்துவார். பட்டம் காற்றுப் பிடித்தாலும், லொறி மேட்டில் இழுத்தாலும் அவருக்கு அந்த ஒரே சொல்தான். அந்தச் சொல் பிறகு எனக்கு எப்படி எப்படியெல்லாம் திரும்பி வந்தது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் பார்க்கிறேன்.

வெள்ளை பேக்கில் செய்த பறவைகள் ஒவ்வொன்றாகப் பனிமூட்டத்தில் தொலைந்தன. நம் பக்கத்து மூட்டம் அப்படி. பகல் மூன்று மணிக்கே வந்து கிரவுண்டில் உட்கார்ந்துகொள்ளும். "கறுப்புல செய்டா, மூட்டத்துலயும் தெரியும்" என்று சொல்லி, மீன் வாங்கி வந்த கறுப்பு சிலிசிலி பேக்கை அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். நாற்றம் போக நான் சவுக்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். நீ கொழும்பில் லிப்ட் திருத்துகிற வேலைக்குப் போய்விட்டிருந்தாலும் லீவில் வந்து செய்தாய். அதுதான் நீ செய்ததிலேயே நல்ல பறவை. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா விரலைத் திறந்ததும் அப்படியே எழும்பியது. ஆனால் அது கறுப்பு, அதற்குச் சிறகு அடிக்கிறது, ஒரு மனிதன் கையிலிருந்து வருகிறது. கிரவுண்டுக்கும் நம் வீட்டுக்கும் இடையில் நிற்கிற பெரிய மரத்துக் காகங்கள் அதை என்னவென்று நினைத்தனவோ, அத்தனையும் கத்திக்கொண்டு இறங்கின. பறவையை விரட்டின, அப்புறம் அப்பாவை விரட்டின. ஒன்று வந்து அவர் உச்சந்தலையில் கொத்திவிட்டுப் போயிற்று. அவர் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். "காக்கா வீட்டுல மாப்பிள்ள பாக்குறாங்கடா!" என்றார்.

காகம் தலையில் கொத்தினால் சனி பிடிக்கும், தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "முழுகிட்டு உள்ள வாங்க" என்றேன். "காக்காவுக்கும் பயந்து உனக்கும் பயந்தா நான் எப்பிடி லொறி ஓட்டுறது?" என்று என் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டார். உட்கார்ந்து ஒரு பணிஸையும் தின்றார். நீ கிரவுண்டில் விழுந்த பறவையை எடுத்துவந்து பின்பக்கக் கூரையோரத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு அன்றே கொழும்புக்குப் போனாய்.

அதற்கடுத்த மழையில்தான் மலை சரிந்தது. மேலே கொழுந்து மூட்டைகள் நனைந்து அழுகிவிடும் என்று அவர் காலையிலேயே லொறியை எடுத்துக்கொண்டு போனார். நான் வேண்டாம் என்றேன், அவர் போனார். அதில் புதிதாக எழுத ஒன்றுமில்லை. ரோடு நின்ற இடத்தில் சேறும் பாறையும்தான் இருந்தன. தோண்டியவர்கள் லொறியை எடுத்தார்கள். கதவு திறந்து கிடந்தது. அவரை எடுக்கவில்லை. சந்தியில், கோயிலில், பஸ்ஸில் பார்த்தவர்களெல்லாம் என்னிடம், "எடுத்தாங்களா?" என்று கேட்டார்கள். அதே சொல். தோண்டுகிற இடத்தில் நின்ற சிங்களப் பையன் ஒவ்வொரு சாயந்தரமும் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு, "தாம நே, அக்கே" என்பான். இன்னும் இல்லை, அக்கா. இல்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அந்த "இன்னும்" என்கிற சொல்லை நான் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். தோண்டுவதை நிறுத்திய பிறகும் அது என்னிடம் இருந்தது.

கருமாதி செய்தே ஆக வேண்டும் என்று பெரியத்தை ஒற்றைக் காலில் நின்றார். உடம்பில்லாத ஆளுக்கு ஐயர் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்தார். புல்லில் செய்த அப்பாவைப் பார்த்தபோது எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம். என் மகன் ஈர்க்கிலும் பொலித்தீனிலும் செய்த பறவைகூட அசையும், இது என்ன என்று நினைத்தேன். பிறகு பின்பக்க மதிலில் இலை போட்டுச் சோறு வைத்தோம். காகம் வரவில்லை. பெரிய மரத்தில் வரிசையாக உட்கார்ந்து கத்தின, ஒன்றும் இறங்கவில்லை. நீ கா கா என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாய். பெரியத்தை, "எடுத்துச்சா? எடுத்துச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போதுதான் நீ தலையை நிமிர்த்திப் பார்த்தாய். மதிலுக்கு நேர் மேலே உன் கறுப்புக் காகம் காற்றில் சுற்றிக்கொண்டு தொங்கியது. உன் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். பெரியத்தையும் பார்த்துவிட்டார். "காக்கா தலையில கொத்துனா சும்மா போகுமா? இவன் செஞ்ச பொம்மதான் என் தம்பியக் காட்டிக்குடுத்துருச்சு. இப்ப சோத்தையும் எடுக்க விடாம நிக்குது" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நீ ஈர்க்கைத் தொடவில்லை.

இனிச் சொல்லப்போவது நீ பாதி தெரிந்து வைத்திருப்பதுதான். நீ அன்றைக்கே அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாய். நீ பஸ் ஏறியதும் நான் எடுத்து மாட்டினேன். பொங்கலுக்கு வந்து கழற்றினாய், நீ போனதும் மாட்டினேன். இரண்டு வருஷமாக நாம் வாய் திறக்காமல் இந்தச் சண்டையைப் பிடித்தோம். காகம் வரக்கூடாது என்பதற்காக நான் மாட்டினேன் என்று நீ நினைக்கிறாய். அதிலும் உண்மை இருக்கிறது. சோற்றைக் காகம் எடுக்காதபோது ஊரெல்லாம் அவர் மனசு ஆறவில்லை என்றது. எனக்கு மட்டும் வயிறு குளிர்ந்தது. எடுக்கவில்லை என்றால் ஆள் இன்னும் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதானே? எங்காவது ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் மறந்துபோய், தாடி வளர்ந்து இருக்கிறார். இப்படியெல்லாம் நினைக்க எனக்கு அந்தக் காகம் வேண்டியிருந்தது.

ஆனால் முழு உண்மை அதுவல்ல. அது என்ன பொருளில் செய்தது என்று யோசித்துப் பார். சாயந்தரக் காற்று எழும்பி அந்தத் தளர்ந்த சிறகில் பட்டதும் கூரையோரத்தில் சிலிசிலி என்று கேட்கும். நான் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேத்தலை வைத்துவிடுவேன். வைத்த பிறகுதான் ஞாபகம் வரும். தண்ணீர் கொதிக்கும், ஒரு கோப்பைக்கு மேல் குடிக்க ஆளில்லை. ஆனாலும் அந்த ஞாபகம் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன நேரம் இருக்கிறதே, மகனே, அந்த நேரத்தில் உன் அப்பா படியிறங்கிக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் மாட்டினேன். வெயிலில் பொலித்தீன் இற்றுக் கிழிந்தபோதெல்லாம் புதுக் கறுப்பு பேக் வாங்கி நானே சிறகு மாற்றினேன். நீ கவனித்திருக்க மாட்டாய், உன்னைவிட நன்றாக லூஸ் விட்டு ஒட்டியிருந்தேன்.

இப்போது உன் கல்யாணம் வந்து நிற்கிறது. அப்பன் சோறு எடுக்காத வீட்டில் பந்தல் போடக்கூடாது என்று பெரியத்தை வினோதினி வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்களும் பயந்துபோய் நாள் குறிக்காமல் இருக்கிறார்கள். முந்தாநாள் திவசத்துக்கு நீ வந்து, மதிலுக்கு மேலே காகம் மறுபடி தொங்குவதைப் பார்த்தாய். "அத மட்டும் கழட்டிருங்கம்மா" என்று கெஞ்சினாய். நான் கேட்காத மாதிரி இலை துடைத்துக்கொண்டிருந்தேன். நீயே கழற்றி உள்ளே எறிந்தாய். அப்படியும் ஒரு காகமும் இறங்கவில்லை. அந்த மதிலையே அவை மறந்துவிட்டன போலிருக்கிறது. சோறு காய்ந்து, எறும்பு வந்தது. நீ அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனாய். உன் அப்பாவைச் சாகடித்தது உன் பறவை என்று நீ நம்புகிறாய். அதனால்தான் இவ்வளவு கோபம். அது எனக்கு பஸ் போன பிறகுதான் உறைத்தது. நான் என் ஆளை வைத்துக்கொள்வதற்காக உன்னையும் அந்தக் கொக்கியிலேயே தொங்கவிட்டு வைத்திருந்திருக்கிறேன்.

நேற்றுப் பகல் அதை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். பழைய ரப்பர் தொட்டதும் பொடிந்துபோயிற்று. யூனிபோர்ம் கட்டுகிற ரப்பர் வளையங்களைக் கோத்து, ஆமணக்கெண்ணெய் தடவி மாட்டினேன். திவசத்துக்கு வந்து தங்கியிருந்த பெரியத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏ புள்ள, ஒனக்கு என்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார். "ஆமா மதினி. வாங்க, கிரவுண்டுக்குப் போவோம்" என்றேன். முழங்கால் வலியோடு திட்டிக்கொண்டே வந்தார். கிரவுண்டு முடிந்து பள்ளம் தொடங்குகிற விளிம்பில் நின்று ரப்பரை முறுக்கினேன். விரல் நோக நோக முறுக்கினேன். பெரியத்தை வாலைப் பிடித்துக்கொண்டார். காகங்கள் அதைப் பார்த்ததுமே மரத்திலிருந்து கிளம்பிவிட்டன. தலைக்கு மேலே ஒரே கூச்சல். நான் கொண்டியை விட்டேன். கையில் அது அடித்தது. உயிருள்ள ஒன்றைப் பிடித்த மாதிரி இருந்தது, பயந்துவிட்டேன். எறியவில்லை. இழுக்கட்டும் என்று நின்றேன். அந்த நேரம் ஒரு காகம் வந்து என் உச்சந்தலையில் நறுக்கென்று கொத்தியது. "ஐயோ, கொத்திருச்சு, கொத்திருச்சு!" என்று பெரியத்தை அலறினார். பறவை கையை விட்டு இழுத்தது. விரலைத் திறந்தேன்.

பள்ளத்திலிருந்து வந்த காற்றில் அது நேரே ஏறியது. அத்தனை காகமும் பின்னாலேயே. கொஞ்ச நேரத்தில் எது உன் காகம், எது ஊர்க் காகம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ரிவர்ஸ்டன் பக்கத்திலிருந்து மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா சொன்னது சரிதான், கறுப்பு மூட்டத்திலும் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. ஊர்க் காகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பெரியத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாரையாச்சும் எறக்கிப் பள்ளத்துல தேடி எடுத்துருவமா, புள்ள?" என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை. "எடுக்க வேணாம் மதினி" என்றேன். சொன்ன பிறகு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். தம்பி போன நாளிலிருந்து அவர் எங்களைத் திட்டியதைத்தான் பார்த்திருக்கிறேன், அழுது பார்த்ததில்லை.

வீட்டு வாசலில் என்னை மறித்துக்கொண்டு, "தல முழுகிட்டு உள்ள போ" என்றார். நான் அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். முழுகவில்லை. காகம் கொத்தியதால் மலை சரியவில்லை, மழை பெய்து சரிந்தது, காகம் கொத்தாதவர்களும் அந்த ரோட்டில் போனார்கள் என்று உனக்கு நான் ஆயிரம் தரம் சொல்லலாம், நீ தலையாட்டிவிட்டு நம்பாமலே இருப்பாய். இப்போது என் தலையிலும் கொத்தியிருக்கிறது. முழுகாமலே தூங்கி, விடிந்து எழுந்து, அடுப்பு மூட்டி, உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பயமில்லை என்று சொல்ல மாட்டேன். எழுதுகிறபோதும் ஒரு கை அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறது. ஆனால் எனக்கு எப்போது என்ன வந்தாலும் அதைக் காகத்தின் தலையில் கட்டாதே. உன் தலையிலும் கட்டிக்கொள்ளாதே. உன் பறவை அப்பாவுக்குச் செய்தது ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை அப்படிச் சிரிக்க வைத்தது.

இன்று காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். விடிந்ததும் பேக்கரிக்கு நடந்து போய் ஒரு மாலு பணிஸ் வாங்கினேன். திவச வீட்டில் மீன் பணிஸா என்று கேட்கப் பெரியத்தை வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். சோறு வைத்து வைத்து அலுத்துப்போனது, அவருக்குப் பிடித்ததையே வைப்போம் என்றுதான். பணிஸை பேக்கோடு மதிலில் வைத்துவிட்டு இலை எடுக்க உள்ளே போனேன். கூரையோரத்துக் கொக்கி வெறுமையாக இருந்தது, காற்றும் இல்லை. ஆனால் சிலிசிலி என்று கேட்டது. கை தானாகக் கேத்தலுக்குப் போயிற்று. திரும்பி வெளியே ஓடினேன். ஒரு காகம் பணிஸை எடுத்துக்கொண்டு பறந்தது, இலைக்குக்கூடக் காத்திருக்காமல், பேக்கோடு சேர்த்து. ரோட்டைத் தாண்டி, பெரிய மரத்தைத் தாண்டி, அந்தப் பை அதன் வாயில் சிலிசிலித்துக்கொண்டே போனது. இத்தனை வருஷமும் அந்தச் சத்தம் இந்த வீட்டுக்கு வந்துதான் எனக்குப் பழக்கம். அது தூரப் போய்த் தேய்வதை இன்றைக்குத்தான் முதன்முதலாக நின்று கேட்டேன்.

எடுத்துச்சு, மகனே. வினோதினி வீட்டில் நாள் குறிக்கச் சொல்.

அம்மா